காஸ்ஃபோர்த் கற்சிலுவை: இயேசுவின் தலைக்கு மேல் ஓநாயின் வாயைக் கிழிப்பவன் யார்?

வடகரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் வடமேற்கே, ஐரிஷ் கடலுக்கும் வாஸ்டேல் மலைகளுக்கும் இடையில் காஸ்ஃபோர்த் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கம்ப்ரியா மாவட்டம். அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நட்ட கற்சிலுவை ஒன்று இன்றும் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 4.4 மீட்டர். செந்நிற மணற்கல். ஆயிரம் வருடக் காற்றையும் மழையையும் தாங்கி, தலைப்பகுதியும் போகாமல் முழுதாக நிற்கும் இந்தக் காலத்துச் சிலுவைகள் இங்கிலாந்தில் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் தண்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

படத்தில் பார்த்ததும் கண்ணில் படுவது அதன் ஒல்லியான உடல். மூன்று படிகள் கொண்ட பீடத்திலிருந்து உருண்டைத் தூணாக எழுகிறது. பாதி உயரத்துக்கு மேல் நாலு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டு சதுரமாகிறது. உச்சியில் கைகளை வளையம் இணைக்கும் சிலுவைத் தலை.

விஷயம் அந்த நாலு பக்கங்களில் இருக்கிறது. கிழக்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சட்டம். அதற்குள் இயேசு கைகளை விரித்து நிற்கிறார். அவருக்குக் கீழே ஈட்டியோடு ஒருவன். அவனுக்கு எதிரே நீண்ட பின்னலும் தரையில் இழையும் உடையுமாக ஒரு பெண். கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். ஒருவன் பெரிய விலங்கின் திறந்த வாய்க்கு முன்னால் நிற்கிறான். ஒரு கை மேல்தாடையைப் பிடித்துத் தூக்குகிறது, கால் கீழ்த்தாடையை மிதிக்கிறது. இது பைபிளில் எங்கும் இல்லை. வைக்கிங் புராணத்தில் இருக்கிறது. உலகம் அழியும் நாளான ராக்னரோக்கில் ஃபென்ரிர் என்ற ஓநாய் தலைமைக் கடவுளான ஓடினை விழுங்கிவிடும். ஓடினின் மகன் விதார் அந்த ஓநாயின் வாயைக் கிழித்துத் தந்தைக்காகப் பழிவாங்குவான்.

மேற்குப் பக்கத்தின் அடியில் கட்டுண்டு கிடக்கும் லோகி, அதே புராணத்தின் சூழ்ச்சிக்காரன். அவன் முகத்துக்கு மேல் பாம்பு. மனைவி சிகின் பாத்திரம் ஏந்தி விஷத்தைப் பிடிக்கிறாள். அதற்கு மேலே கையில் கொம்புடன் ஒருவன், வாய் பிளந்த இரண்டு விலங்குகளைத் தடுத்து நிற்கிறான். தேவர்களின் காவலன் ஹெய்ம்டால் இவன் என்பது பெரும்பாலோர் கருத்து.

ஆக, ஒரு தேவாலய வளாகத்துச் சிலுவையின் நாலு பக்கங்களில் கிறிஸ்தவக் காட்சி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பழைய தெய்வங்களின் உலகம். "பாதி மதம் மாறியவர்கள் இரண்டையும் கலந்து செதுக்கிய கல்" என்று பயண நூல்களில் எழுதுகிறார்கள். அது இந்தக் கல்லுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. இதைச் செதுக்கச் சொன்னவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விவாதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

நிலாமதி எழுதியது:

வடகரை அண்ணா, நல்ல இழை. ஓர் அடிப்படைக் கேள்வி. வைக்கிங்குகள் மடங்களைக் கொள்ளையடித்தவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். அவர்களுடைய கடவுள்களை ஒரு தேவாலயத்தில் எப்படி அனுமதித்தார்கள்? அந்த ஊர்ப் பாதிரியார் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தார்?

வடகரை எழுதியது:

நிலாமதி, 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியவர்களுக்கும் இந்தச் சிலுவையை நட்டவர்களுக்கும் நடுவில் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கம்ப்ரியா கரைக்கு வந்தவர்களில் பலர் நார்வேயிலிருந்து நேரே வரவில்லை. அயர்லாந்திலும் ஐரிஷ் கடலின் மான் (Man) தீவிலும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் ஓரிரு தலைமுறை வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். 902இல் டப்ளினிலிருந்து நார்ஸ்காரர்கள், அதாவது வைக்கிங் குடியேறிகள், துரத்தப்பட்டதும் ஐரிஷ் கடலின் இந்தப் பக்கம் குடியேற்றம் கூடியது. வந்தவர்கள் நிலம் பிடித்தார்கள், ஆடு மேய்த்தார்கள், உள்ளூரில் பெண் எடுத்தார்கள். அந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களிலும் ஓடை, குன்றுகளின் பெயர்களிலும் இன்றுவரை அவர்கள் மொழி இருக்கிறது.

உள்ளூரில் கிறிஸ்தவம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கற்சிலுவை செதுக்குவதும் அங்கே பழைய வழக்கம். காஸ்ஃபோர்த்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள இர்ட்டன் தேவாலயத்தில் 9ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்று நிற்கிறது. அதில் மனித உருவமே இல்லை, முழுக்கப் பின்னல் வேலை. வைக்கிங்குகளின் தாயகத்தில் அந்தக் காலத்தில் இப்படி நெட்டைக் கற்சிலுவை நடும் பழக்கம் கிடையாது. ஆக, வந்தவர்கள் வந்த இடத்து வழக்கத்தை எடுத்துக்கொண்டு அதில் தங்கள் கதைகளைப் போட்டிருக்கிறார்கள்.

பாதிரியார் சும்மா இருந்தாரா என்று கேட்டீர்கள். சும்மா இருந்திருக்க மாட்டார். காட்சிகளைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய ஒரு நிலக்கிழாரிடம் "உலகத்துக்கு முடிவு உண்டு, தீமை கட்டப்பட்டுக் கிடக்கிறது, ஒரு நாள் கொம்பு ஊதப்படும், மகன் எழுந்து மிருகத்தை வெல்வான்" என்று சொல்ல வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை ஒன்று கையில் இருக்கிறது. கட்டுண்ட லோகி இருக்கிறான், கட்டுண்ட சாத்தானைச் சொல்லிவிடலாம். ஹெய்ம்டாலின் கொம்பு இருக்கிறது, கடைசி எக்காளத்தைச் சொல்லிவிடலாம். விதார் இருக்கிறான். அவனை இயேசுவின் தலைக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். நாலு பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

கேள்விக்குறி எழுதியது:

வடகரை, நீங்கள் எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விதாரின் கதை, சிகினின் பாத்திரம் எல்லாம் நமக்கு எங்கிருந்து கிடைத்தன? பெரும்பாலும் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220 வாக்கில் எழுதிய எட்டா (Edda) என்ற நூலிலிருந்து. சிலுவை 10ஆம் நூற்றாண்டு. நடுவில் கிட்டத்தட்ட முந்நூறு வருடம், ஒரு பெருங்கடல் தூரம். ஸ்னோரியும் கிறிஸ்தவர். அவர் கதைகளை ஒழுங்குபடுத்தி எழுதும்போது கிறிஸ்தவச் சாயல் ஏறியிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு முந்நூறு வருடம் பழைய கல்லுக்குப் பெயர் சூட்டினால், நாம் காண விரும்பியதைத்தான் காண்போம்.

இன்னொன்று. இந்த அடையாளங்கள் எல்லாம் விக்டோரியா காலத்தில் வந்தவை. சார்லஸ் பார்க்கர் என்ற உள்ளூர் மருத்துவரும் கால்வர்லி என்ற பாதிரியாரும் 1880களில்தான் இவற்றை நார்ஸ் கதைகளோடு பொருத்தினார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வைக்கிங் மோகம் தலைக்கு ஏறியிருந்தது. எங்கு பார்த்தாலும் ஓடினும் தோரும் தெரிந்த காலம். மிருகத்தின் வாய்க்குள் கால் வைத்தவன் நரகத்தின் வாயை மிதிக்கும் கிறிஸ்துவாக ஏன் இருக்கக் கூடாது? நரகத்தை வாய் பிளந்த மிருகமாக வரைவது ஆங்கிலோ-சாக்சன் ஓவியங்களில், அதாவது வைக்கிங்குகளுக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தவர்களின் ஓவியங்களில், இருக்கிறதே.

வடகரை எழுதியது:

கேள்விக்குறி, கேட்க வேண்டிய கேள்வி. முந்நூறு வருட இடைவெளி உண்மை. விக்டோரியா கால மோகமும் உண்மை. ஆனால் பார்க்கர் சொன்னதை அப்படியே யாரும் விட்டுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பெய்லி, ரோஸ்மேரி கிராம்ப் போன்ற ஆய்வாளர்கள் கல் கல்லாக அளந்து, மறுபடியும் சோதித்துத்தான் ஏற்றிருக்கிறார்கள். பார்க்கர் பார்த்த சிலவற்றைத் தள்ளியும் இருக்கிறார்கள்.

மேற்குப் பக்கத்தின் அடிக்காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நல்ல படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவன் கைகால் கட்டப்பட்டு மடங்கிக் கிடக்கிறான். கட்டின் முனை முடிச்சாகத் தெரிகிறது. அவனுக்கு மேல் ஒரு பாம்பின் தலை. பக்கத்தில் மண்டியிட்ட பெண், பின்னல் முதுகில் தொங்குகிறது. அவள் கையில் வளைந்த பாத்திரம், சரியாகப் பாம்பின் தலைக்குக் கீழே. கட்டுண்டவன், பாம்பு, பெண், பாத்திரம் என்று நாலும் ஒரே சட்டத்துக்குள் சேருகிற கதை கிறிஸ்தவத்தில் எது? சாத்தான் கட்டப்படுவது உண்டு. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விஷம் பிடிக்கும் மனைவி கிடையாது. பாத்திரம் நிறைந்து அவள் ஊற்றப் போகும் நேரம் விஷம் லோகியின் முகத்தில் விழும், அவன் துடிக்கும்போது பூமி அதிரும் என்று ஸ்னோரி எழுதுகிறார். அவர் புதிதாகக் கட்டியிருந்தால் முந்நூறு வருடம் முன்பே கம்ப்ரியாவில் இது எப்படி வந்தது? நீங்கள் இடைவெளியைச் சொல்லி இந்தக் கல்லைச் சந்தேகிக்கிறீர்கள். எனக்கு இந்தக் கல்தான் ஸ்னோரிக்கே சாட்சியாகத் தெரிகிறது.

விதாருக்கு வருவோம். ஸ்னோரிக்கு முந்தைய கவிதைகளில் ஒன்று விதார் வாளால் ஓநாயின் இதயத்தில் குத்தினான் என்கிறது. இன்னொன்று அதன் தாடைகளைப் பிளப்பான் என்கிறது. காலால் கீழ்த்தாடையை மிதித்துக் கையால் மேல்தாடையைப் பிடிப்பது ஸ்னோரியில் வருகிறது. கல்லில் உள்ளதும் அதுதான். அந்தக் காலில் விதார் போட்டிருக்கும் செருப்பு, மனிதர்கள் தங்கள் செருப்பைத் தைக்கும்போது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி எறியும் தோல் துண்டுகளால் ஆனது என்பார் ஸ்னோரி. தேவர்களுக்கு உதவ நினைப்பவர் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நம்பிக்கையாம்.

நரகத்தின் வாய் பற்றி நீங்கள் சொன்னதை நான் தள்ளவே மாட்டேன். அதுவும் அங்கே இருக்கிறது என்பதுதான் என் வாதம். ஆங்கிலோ-சாக்சன் பாட்டி ஒருத்தி அந்தப் பக்கம் போனால் நரகத்தை வென்ற கிறிஸ்துவைப் பார்த்திருப்பாள். அவளுடைய நார்ஸ் மருமகன் விதாரைப் பார்த்திருப்பான். பாதிரியார் நடுவில் நின்று இருவரிடமும் பேசியிருப்பார். இதே காலத்தில் மான் தீவின் கர்க் ஆண்ட்ரியாஸில் தோர்வால்ட் என்பவர் நட்ட கல்லைப் பாருங்கள். ஒரு பக்கம் தோளில் பறவையோடு ஓடின், அவன் கால் ஓநாயின் வாயில். மறுபக்கம் புத்தகமும் சிலுவையும் ஏந்திப் பாம்பை மிதிக்கும் கிறிஸ்தவ உருவம். ஒரு பக்கத்தில் தெய்வம் தோற்கிறது, மறுபக்கத்தில் வெற்றி. காஸ்ஃபோர்த்தில் சொன்னதையே அங்கே சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உளிமகன் எழுதியது:

எல்லோரும் கதையையே பேசுகிறீர்கள். கல் வேலை தெரிந்தவன் என்ற முறையில் கொஞ்சம் கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

4.4 மீட்டர் நீளத்துக்கு விரிசல் இல்லாத மணற்கல்லை வெட்டி எடுப்பதே சாதாரண வேலை அல்ல. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்த கல். அடுக்கின் போக்கு தெரியாமல் உளி வைத்தால் தோல் உரிந்தது போலப் பாளமாகப் பெயர்ந்துவிடும். இவ்வளவு ஒல்லியாகச் செதுக்கி, நட்டு நிறுத்தி, அது ஆயிரம் வருடம் நிற்கிறது என்றால் கல்லைத் தேர்ந்தவனின் கண்ணை முதலில் கும்பிட வேண்டும்.

அடுத்து அந்த உருண்டையும் சதுரமும். கீழே வட்டத் தூணாக விட்டு மேலே நாலு பக்கம் சீவும்போது, தட்டைப் பக்கம் உருண்டையைச் சந்திக்கும் இடத்தில் வளைந்த விளிம்பு தானாக வரும், திரைச்சீலையின் கீழ் மடிப்பு மாதிரி. இந்த வடிவம் இந்தச் சிற்பியின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மத்திய இங்கிலாந்தில் மெர்சியாப் பகுதியில் இப்படி உருண்டைத் தண்டுச் சிலுவைகள் நிறைய. காஸ்ஃபோர்த்துக்குப் பக்கத்தில் பெக்கர்மெட் புனித பிரிஜிட் தேவாலய வளாகத்திலும் இந்த வகையில் இரண்டு தண்டுகள் நிற்கின்றன. காஸ்ஃபோர்த்தில் உருண்டைப் பகுதியின் மேல்பாதியில் மட்டும் செதில் செதிலாக வளையக் கோலம் போட்டிருக்கிறான். தூரத்திலிருந்து பார்த்தால் மரப்பட்டை போல இருக்கும். உலகத்தைத் தாங்கும் இக்ட்ரசில் மரம் அது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து பிடிக்கும். ஆனால் அந்தச் சங்கிலி வளையம் அக்கால நார்ஸ் கைவினையில் உலோகத்திலும் மரத்திலும் பரவலாக இருந்த கோலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விஷயம். ஓநாய்க்கு உடல் இல்லை, கவனித்தீர்களா? தலையும் வாயும் மட்டும் மிருகம். கழுத்துக்கு மேல் அது பின்னலாக மாறி அப்படியே தூணின் மேலே ஏறிவிடுகிறது. ஒடுக்கமான இடத்துக்குள் பெரிய மிருகத்தைக் கொண்டுவர வேண்டும், இடமும் வீணாகக் கூடாது. எல்லா மிருகங்களையும் அப்படித்தான் செய்திருக்கிறான். மனித உருவங்களுக்கு நெரிசலே இல்லை, சுற்றிலும் வெறுமையான கல்லை விட்டிருக்கிறான். அதனால்தான் ஆள் அளவில் சின்னதாக இருந்தும் காட்சி தனித்துத் தெரிகிறது. பெரிய கை.

அப்புறம், இது வெறும் சிவப்புக் கல்லாக நின்றிருக்காது. அந்தக் காலத்துச் சிற்பங்கள் பலவற்றில் வண்ணத்தின் மிச்சம் கிடைத்திருக்கிறது. மேலே பூச்சுப் பூசி வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

லங்காஸ்டர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே லங்காஸ்டரில் இருக்கிறேன். காஸ்ஃபோர்த் எங்களுக்கு எட்டின தூரம், பிள்ளைகளோடு போய் வந்த இடம். நீங்கள் கதைப்பதில் ஒன்று விடுபட்டுப்போகிறது. சிலுவையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வரக் கூடாது. கோயிலுக்குள்ளே போக வேண்டும்.

உள்ளே சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். மீன்பிடிக் கல் என்று பெயர். கீழே ஒரு படகு, அதற்குள் இரண்டு பேர். ஒருவன் கையில் சுத்தியல், மறுகையில் தூண்டில் கயிறு. கயிற்றின் முனையில் மாட்டுத் தலை இரையாகக் கட்டியிருக்கிறது. அதுதான் இடிக்கடவுள் தோர், உலகத்தைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைப் பிடிக்கப் போனவன். மற்றவன் ஹைமிர் என்ற ராட்சதன், பயத்தில் கயிற்றை வெட்டக் கோடரி தூக்குகிறான். படகைச் சுற்றி மீன்களும் இருக்கின்றன. அதே கல்லின் மேல்பாதியில் ஒரு மான், அதன் காலடியில் பாம்பு. மான் பாம்பை மிதிப்பது கிறிஸ்துவுக்கு உரிய பழைய குறி. மேலே ஒரு பாம்புப் போர், கீழே ஒரு பாம்புப் போர். வடகரை சொல்லும் பிரசங்கம் அங்கேயும் நடக்கிறது. சிலுவையைச் செதுக்கிய அதே சிற்பியின் கைதான் இது என்று பெய்லி எழுதியிருக்கிறார்.

வடபக்கத்தில் இரண்டு பெரிய கற்கள் படுத்திருக்கின்றன. ஹாக்பேக் என்று சொல்லும் கல்லறை மூடிகள். வளைந்த கூரை போட்ட வீடு மாதிரி இருக்கும், கூரையில் ஓடு கூடச் செதுக்கியிருக்கிறார்கள். இறந்தவருக்கு ஒரு வீடு. 1896, 97இல் கோயிலைத் திருத்திக் கட்டும்போது அத்திவாரத்துக்குக் கீழே கிடைத்தவை. ஒன்றில் கேடயம் ஏந்திய போர்வீரர் கூட்டம் இரண்டு எதிரெதிரே வருகிறது. மற்றதன் இரு முனைகளிலும் கைவிரித்த இயேசு உருவம். முன்னதை வீரனின் கல்லறை என்றும் பின்னதைப் புனிதரின் கல்லறை என்றும் ஊரில் சொல்கிறார்கள்.

வளவுக்குள்ளே ஒரு தக்கை மரம் நிற்கிறது, 1833இல் நட்டது. இவ்வளவு வடக்கே அந்த மரம் வளர்வது அபூர்வமாம். என் சின்னவனுக்குச் சிலுவையை விட அந்த மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்ப்பதில்தான் விருப்பம்.

சிலுவை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கும்போது கோயில் கோபுரம் மாதிரி ஓங்கி நிற்கும் என்று நினைப்போம். நேரில் அது கல்லறைகளுக்கு நடுவே ஒரு கம்பம் போல நிற்கிறது. வேலி இல்லை, கண்ணாடி இல்லை, கட்டணம் இல்லை. இயேசுவின் உருவம் கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. விதாரைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். அவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கேள்விக்குறி எழுதியது:

மீன்பிடிக் கல் என் சந்தேகத்தைப் பாதி கரைத்துவிட்டது. ஒரே ஊரில், ஒரே கையில் இரண்டு கற்கள், இரண்டிலும் அதே முறை என்றால் தற்செயல் என்று சொல்ல முடியாது. லோகி, சிகின் காட்சியையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் வடக்கு, தெற்குப் பக்கங்களின் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். சிலர் தலைகீழாக வேறு இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்தே இல்லை. ஓடின் என்கிறார் ஒருவர், அழிவு நாளின் போர்வீரர்கள் என்கிறார் இன்னொருவர். பிரசங்கம் என்று சொல்லும்போது அந்தப் பக்கங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வசதியான இரண்டு பக்கத்தை மட்டும் அல்ல.

வேறு ஒரு கவலை. லங்காஸ்டர்வாசி எழுதியதைப் படித்ததும் மனசு பதறுகிறது. வேலியும் இல்லை, கூரையும் இல்லையா? இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் மலைகளுக்குப் பக்கத்தில், மணற்கல்லில் செதுக்கிய இப்படி ஒரு பொருளை வெட்டவெளியில் விட்டுவைப்பது நியாயமா?

உளிமகன் எழுதியது:

நியாயமே இல்லை என்பேன். உள்ளே கொண்டுபோக வேண்டும்.

மணற்கல்லில் மழை இறங்கும், குளிரில் உறையும், உறையும்போது விரியும், மேல்தோல் பொடியும். கடல் பக்கம் என்பதால் உப்பும் சேர்கிறது. பாசி வேர்விடும். இந்த வேலை ஒரு நாளில் தெரியாது, ஆனால் நிற்காது. ஏற்கெனவே இயேசுவின் முகத்தில் கண் மூக்கு தேடினால்தான் கிடைக்கும். லோகியின் காட்சியில் கோடுகளின் கூர்மை போய்விட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்தில் ரத்வெல் சிலுவை. 17ஆம் நூற்றாண்டில் உடைத்துப் போட்டார்கள். ஹென்றி டங்கன் என்ற குருவானவர் துண்டுகளைப் பொறுக்கி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி நிறுத்தினார். 1887இல் அதைத் தேவாலயத்துக்குள்ளே கொண்டுபோய், தரையைத் தோண்டி இறக்கி நிறுத்தினார்கள். இன்று பத்திரமாக இருக்கிறது. ஃபாரஸ் ஊரில் ஆறு மீட்டருக்கு மேல் உயரமான சூனோ கல்லைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். அயர்லாந்தின் குளோன்மக்னாய்ஸில் அசல் சிலுவைகளை உள்ளே எடுத்து, பழைய இடத்தில் நகல்களை நட்டிருக்கிறார்கள். இவர்களெல்லாம் முட்டாள்களா? கல்லுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் நனையாமல் இருப்பதுதான்.

வடகரை எழுதியது:

உளிமகன், கல்லைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனாலும் நான் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறேன்.

ரத்வெல் உடைந்து கிடந்தது. அதற்கு நிற்க இடம் வேண்டியிருந்தது. காஸ்ஃபோர்த் சிலுவை தன் பழைய பீடத்திலேயே நிற்கிறது. இயேசு கிழக்கே பார்க்கிறார், லோகி மேற்கே கிடக்கிறான். காலை வெயில் சிலுவைப்பாட்டின் மேல் விழும்போது லோகியின் பக்கம் நிழலில் இருக்கும், மாலையில்தான் லோகிக்கு வெளிச்சம். இதைச் செதுக்கியவர்கள் திசை பார்க்காமல் நட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கிறிஸ்தவர்களுக்குக் கிழக்கு உயிர்த்தெழுதலின் திசை. அதை உள்ளே தூக்கிக்கொண்டுபோய் மின்விளக்குக்குக் கீழே வைத்தால் கல் பிழைக்கும், அந்த ஏற்பாடு போய்விடும். நாலு பக்கமும் சுற்றி வந்து படிக்க வேண்டிய பொருளைச் சுவரோரம் வைக்கும் ஆபத்தும் இருக்கிறது.

அதோடு, 4.4 மீட்டர் ஒல்லிக் கல்லைப் பீடத்திலிருந்து எடுப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கும்போது நடுவில் முறிந்தால்?

பதிவு செய்வதில் குறை வைக்கக் கூடாது என்பதில் நாம் ஒன்றுபடலாம். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதன் முழு அளவு பிளாஸ்டர் நகல் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். அது இன்று விலைமதிப்பற்றது, அந்தக் காலத்துக் கல்லின் நிலையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. கால்வர்லியும் தன் ஊரான ஆஸ்பாட்ரியா தேவாலய வளாகத்தில் கல்லிலேயே ஒரு நகல் செதுக்கி நிறுத்தினார். இன்றைய லேசர் கருவிகளால் வருடா வருடம் அளந்து, தேய்மானத்தை உறுதியாகக் கணக்கிடலாம். ஆபத்து வேகமாகிறது என்று அளவு காட்டினால் அப்போது கூரையைப் பற்றிப் பேசுவோம்.

கேள்விக்குறி கேட்ட குதிரை வீரர்களுக்கு என் பதில்: ராக்னரோக் ஒரு போர். தெற்குப் பக்கத்தில் குதிரை வீரனோடு மானும் பாம்பும் ஓநாயும் இருக்கின்றன. வடக்கில் ஒருவன் நிமிர்ந்தும் ஒருவன் தலைகீழாகவும் இருப்பது மோதலைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நடுக்கதை அந்த இரு பக்கங்களிலும் ஓடுகிறது, அதன் பொருள் கிழக்கில் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் கொடுக்காமலே இதைச் சொல்லலாம்.

நிலாமதி எழுதியது:

முதலில் கேட்க நினைத்து விட்டுப்போன கேள்வி. இப்படி முழுதாக நிற்பவை குறைவு என்றீர்களே, மற்றவற்றை யார் உடைத்தார்கள்? மழையா, மனிதர்களா?

வடகரை எழுதியது:

பெரும்பாலும் மனிதர்கள். இடைக்காலத்தின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஏறக்குறைய ஒவ்வொரு ஊர்த் தேவாலய வளாகத்திலும் ஒரு சிலுவை இருந்தது. குருத்தோலை ஞாயிறு பவனி அங்கே நின்று போகும். பிரசங்கம் நடக்கும், அறிவிப்புகள் நடக்கும். 16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்ததும் அவை விக்கிரகம் ஆகிவிட்டன. 1643இல் உள்நாட்டுப் போரின் நடுவே, தேவாலயங்களிலும் வளாகங்களிலும் உள்ள சிலுவைகளை அகற்ற வேண்டும் என்று பாராளுமன்றம் ஆணையே போட்டது. பல இடங்களில் தலையை மட்டும் உடைத்துவிட்டுத் தண்டை விட்டார்கள். இன்று போனால் பீடமும் மொட்டைத் தண்டும் நிற்கும், சில இடங்களில் அந்தத் தண்டின் மேல் சூரியக் கடிகாரம் இருக்கும். டெர்பிஷயரில் ஈம் (Eyam) என்ற ஊரின் சிலுவை தலையோடு பிழைத்தது, ஆனால் தண்டின் மேற்பகுதியில் ஒரு துண்டு போய்விட்டது. கம்ப்ரியாவிலேயே உள்ள பியூகாசல் ஊர்ச் சிலுவைக்குத் தண்டு அற்புதமாக இருக்கிறது, தலை இல்லை.

காஸ்ஃபோர்த்திலேயே இந்தச் சிலுவைக்குத் துணை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு சிலுவையை வெட்டிச் சூரியக் கடிகாரத்துக்குத் தூண் ஆக்கிவிட்டார்கள். அதில் என்ன காட்சிகள் இருந்தன என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒருவேளை கேள்விக்குறியின் குதிரை வீரர்களுக்குப் பதில் அதில் இருந்திருக்கலாம்.

உளிமகன் எழுதியது:

திசை பற்றிய வாதம் கனமானது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நாலு பக்கமும் திறந்த, மேலே மட்டும் மூடிய கூரை ஒன்று போடலாம். வெயிலும் வரும், திசையும் மாறாது, மழையில் பாதியாவது தடுக்கப்படும். குளிர்காலத்தில் மட்டும் மூடி போட்டு வைப்பதும் கற்சிலைகளுக்கு ஐரோப்பாவில் பல தோட்டங்களில் நடக்கிற பழக்கம்தான். ஊர்க்காரர்களுக்கு அழகு கெடும் என்று தோன்றலாம். எனக்கு விதாரின் கால்தான் முக்கியம்.

வடகரை எழுதியது:

குளிர்கால மூடிக்கு நான் கை தூக்குகிறேன். நிரந்தரக் கூரைக்கு இல்லை.

லங்காஸ்டர்வாசி எழுதியது:

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கார்லைலுக்கும் பாரோவுக்கும் இடையே கடலோரமாக ஓடும் ரயிலில் சீஸ்கேல் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊர் நாலைந்து கிலோமீட்டர். நடக்கலாம், வெயில் நாளில் நல்ல நடை. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், மற்ற நேரம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

செதுக்கல் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். உச்சி வெயிலிலும் மப்பான நாளிலும் ஒன்றும் பிடிபடாது. காலையில் போய்க் கிழக்குப் பக்கத்தைப் பாருங்கோ. பிறகு இர்ட்டன் சிலுவையைப் பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து லோகியைப் பாருங்கோ. ஒரு சின்ன டார்ச் இருந்தால் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடிக்கலாம். சாக்கட்டியால் கோடுகளை நிரப்புவது, காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பது எல்லாம் வேண்டாம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கல்லுக்கு இனித் தேய்வதற்குத் தோல் இல்லை.

நிலாமதி, நீங்கள் வருவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கோ. பெக்கர்மெட்டில் அந்த இரண்டு தண்டுகளை நானும் இன்னும் பார்க்கவில்லை, சேர்ந்தே போவோம்.